தீயணைப்புச் செலவை நிறுத்திவிட்டு சோலார் போடலாமா?

கேள்வி: கோவையில் எங்கள் அடுக்ககத்தில் கீழே பார்க்கிங், அதற்கு மேல் 8 மாடி, மொத்தம் 64 வீடுகள். கட்டி ஏழு ஆண்டாகிறது. ‘பசுமைக் கட்டடமாக மாற்றித் தருகிறோம்’ என்று ஒரு நிறுவனம் வந்திருக்கிறது. மேற்குச் சுவருக்கு வெயில் தடுக்க அலுமினியப் பேனல், மொட்டை மாடியில் 10 கிலோவாட் சோலார், காற்றோட்டத்துக்காகப் படிக்கட்டுக் கதவுகளைத் திறந்தே வைப்பது ஆகியவை அவர்கள் திட்டம். ஆண்டுக்கு 2.4 லட்சம் ரூபாய் ஆகும் தீயணைப்புப் பராமரிப்பை நிறுத்தினால் இதற்குப் பணம் வந்துவிடும் என்கிறார்கள். ஒரு நாள்கூடப் பயன்படாததற்கு ஏன் இவ்வளவு செலவு என்று உறுப்பினர்களும் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது? (சங்கச் செயலாளர்)

பதில்: நிறுத்தாதீர்கள். கூட்டத்தில் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். 2.4 லட்சத்தை 64 வீடுகளுக்குப் பிரித்தால் ஒரு வீட்டுக்கு மாதம் சுமார் 313 ரூபாய். வீடு சராசரி 1,000 சதுர அடி, கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்தால் உங்கள் கட்டடத்தை மறுபடி எழுப்ப 16 கோடி வேண்டும். அதில் ஆண்டுக்கு 0.15 சதவீதம்தான் நீங்கள் தீயணைப்புக்குச் செலவிடுகிறீர்கள்.

பசுமைக் கணக்கையும் போட்டுவிடுவோம். சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமெண்ட் என்பது கட்டுமானத்தில் எல்லோரும் போடும் தோராயக் கணக்கு. 64,000 சதுர அடிக்கு 25,600 மூட்டை, அதாவது 1,280 டன். ஒரு கிலோ சிமெண்ட் தயாரிக்க சுமார் 0.6 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்று வைத்தால், சிமெண்டுக்கு மட்டுமே கிட்டத்தட்ட 770 டன். கம்பி, செங்கல், டைல்ஸ் இதில் சேரவில்லை. 10 கிலோவாட் சோலார் நாளொன்றுக்கு 40 யூனிட் தந்தாலும் ஆண்டுக்கு மிச்சமாவது சுமார் 10 டன் கார்பன் டை ஆக்சைடுதான். கட்டடம் ஒருமுறை எரிந்து இடிக்கவேண்டி வந்தால் 75 ஆண்டு சோலார் மிச்சம் அதோடு போய்விடும். இப்படி நடக்குமா என்று கேட்பவர்களுக்கு 2017 மே 31 அன்று சென்னை தி.நகரில் தீப்பிடித்த ஜவுளிக்கடைக் கட்டடத்தை நினைவூட்டுங்கள். தீ ஒரு நாளைத் தாண்டி எரிந்தது, ஒரு பகுதி சரிந்தது, மிச்சத்தை இயந்திரம் வைத்து இடித்தார்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி 550, 600 டிகிரி செல்சியஸைத் தொடும்போது பாதி பலத்தை இழந்துவிடுகிறது. வெளியே சுவர் நிற்பதைப் பார்த்து உள்ளே நன்றாக இருக்கிறது என்று யாரும் முடிவு கட்ட முடியாது.

பசுமைச் சான்றுக்கான மதிப்பெண்கள் பெரும்பாலும் மின்சாரம், தண்ணீர், கழிவு, கட்டுமானப் பொருள் என்ற தலைப்புகளில்தான் வருகின்றன. தீ விஷயத்தைச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள். சட்டமோ காகிதத்தைப் பார்க்கிறது. சான்றிதழ் தேதி சரியா, கட்டணம் கட்டியாயிற்றா என்று பார்ப்பவர்கள் எட்டாவது மாடியில் ஒரு வால்வைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை பத்து நிமிட வேலை அது. செய்யவேண்டியவர்கள் செய்யாதபோது நீங்கள்தான் செய்துகொள்ள வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே செய்யுங்கள். பராமரிப்பு ஒப்பந்தக்காரரை வரச் சொல்லி, எட்டாவது மாடியில் பம்ப் ரூமுக்கு மிகத் தொலைவில் உள்ள ஹைட்ரண்ட் வால்வில் (தீயணைப்புத் தண்ணீர்க் குழாயின் திறப்பு) ஹோஸை மாட்டி, முனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு திறக்கச் சொல்லுங்கள். அழுத்தம் விழுந்ததும் முதலில் குழாயில் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் சின்ன ஜாக்கி பம்ப், பிறகு பெரிய மின் பம்ப் தானாக ஓடவேண்டும். யாரும் பட்டனைத் தொடக்கூடாது. தண்ணீர் ஓடும்போதே மேல்மாடியில் சதுர சென்டிமீட்டருக்கு 3.5 கிலோ அழுத்தம் காட்டவேண்டும். அடுத்து மின் பம்பை நிறுத்துங்கள், டீசல் பம்ப் தானாக எழும்பவேண்டும். வெளியே வரும் தண்ணீரைச் செடிகளுக்கு விடுங்கள்.

இதில் தோற்றுப்போகும் கட்டடங்களில் காரணம் பெரும்பாலும் மூன்றுதான். டீசல் பம்பின் பேட்டரி செத்திருக்கும். உறிஞ்சு குழாயின் வால்வு மூடியிருக்கும். அல்லது பம்பின் கட்டுப்பாட்டுப் பேனலில் ஸ்விட்ச் ‘ஆட்டோ’வில் இல்லாமல் ‘ஆஃப்’பில் இருக்கும். மூன்றாவதுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கசிவு இருக்கும். எங்கோ ஒரு வால்வு ஒழுகுவதால் ஜாக்கி பம்ப் ஐந்து நிமிடத்துக்கொருமுறை ஓடுகிறது, கரண்ட் பில் ஏறுகிறது, யாரோ அணைத்துவிடுகிறார்கள். மின்சாரம் மிச்சம் பிடிக்கிறோம் என்ற பெயரில் நடக்கும் மிக ஆபத்தான காரியம் இதுதான். கசிவைச் சரிசெய்யுங்கள், பம்பைத் தொடாதீர்கள்.

இரண்டாவது, மின் கேபிள்கள் மேலே போகும் டக்ட். ஒவ்வொரு மாடித் தளத்திலும் கேபிளைச் சுற்றி ஓட்டை திறந்திருந்தால் அது புகைபோக்கிதான். கீழே மீட்டர் போர்டில் பிடித்த தீயின் புகை சில நிமிடத்தில் எட்டாவது மாடிக்கு வந்துவிடும். அந்த ஓட்டையில் மினரல் ஊல் (எரியாத கனிமப் பஞ்சு) அடைத்து, மேலே தீத்தடுப்புப் பூச்சு பூசி மூடவேண்டும். 120 நிமிடம் தாங்கும் என்ற சோதனை அறிக்கை கேளுங்கள். இங்கேதான் ஏமாற்றுவார்கள். கதவுச் சட்டத்தைச் சுற்றி அடிக்கும் பி.யூ. (பாலியூரிதேன்) ஃபோம் டப்பாவை வாங்கிவந்து பீய்ச்சிவிட்டு ‘ஃபயர் சீல்’ என்று பில் போடுவார்கள். சாதாரண பி.யூ. ஃபோம் எரியும் பொருள். ‘ஃபயர் ரேட்டட்’ என்று எழுதிய ஃபோமும் குறுகிய இடுக்குகளுக்குத்தான், ஒரு அடி அகல ஓட்டைக்கு இல்லை.

அலுமினியப் பேனல் வேண்டாம். இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே இருப்பது மலிவு ரகங்களில் வெறும் பிளாஸ்டிக். லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் குடியிருப்புக்கு, வெப்பம் காக்கும் புதுப்பிப்பு என்று சொல்லித்தான் அத்தகைய பேனலைப் போர்த்தினார்கள். 2017 ஜூன் 14 அன்று ஒரு வீட்டின் ஃபிரிட்ஜில் தொடங்கிய தீ வெளிச்சுவர் வழியாக உச்சிக்கு ஏறியது. 72 பேர் இறந்தார்கள். விற்பனையாளர் ‘இது எஃப்.ஆர். (தீத்தடுப்பு ரகம்) சார்’ என்பார். அந்த இரண்டெழுத்தை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். மேற்கு வெயிலுக்கு ஜன்னல்களுக்கு மேல் சன்ஷேடை நீட்டுங்கள், மொட்டை மாடிக்கு வெப்பம் எதிரொளிக்கும் வெள்ளைப் பூச்சு அடியுங்கள். செலவும் குறைவு, எரியவும் எரியாது.

படிக்கட்டுக் கதவைத் திறந்து வைக்கலாமா? கூடாது. அந்தக் கதவுதான் எட்டு மாடிக்கும் தப்பிக்கும் வழியைப் புகையிலிருந்து காக்கிறது. செங்கல் முட்டுக் கொடுத்த தீத்தடுப்புக் கதவு வெறும் பலகை. ஆனால் இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அரைகுறையாகச் செய்து கெடுப்பார்கள். சுவரில் பொருத்தும் மின்காந்தப் பிடி கதவைத் திறந்த நிலையில் பிடித்து வைத்திருக்கும். அது ஃபயர் அலாரம் பேனலோடு இணைந்திருக்கவேண்டும். அலாரம் அடித்ததும் விடவேண்டும். கரண்ட் போனாலும் விடவேண்டும். கையால் இழுத்தாலும் விடவேண்டும். கதவின் மேலே அதைத் தானாகச் சாத்தும் குளோசர் இருந்து, விட்டவுடன் தாழ் விழும்வரை முழுதாகச் சாத்தவேண்டும். ‘கரண்ட் போகும்போதெல்லாம் கதவு சாத்திக்கொள்கிறது’ என்ற புகாருக்குப் பயந்து எலக்ட்ரீஷியன் அந்தப் பிடியை வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்துக் கொடுப்பார், அலாரம் இணைப்பு விட்டுப்போகும். அதோடு விலக்கும் போச்சு. உங்கள் அலாரம் பேனல் வேலை செய்யவில்லை என்றால் இந்த விலக்கு உங்களுக்கு இல்லை.

சோலார் தாராளமாகப் போடுங்கள். படிக்கட்டு மொட்டை மாடிக்குத் திறக்கும் இடத்தையும், அங்கிருந்து தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் பாதையையும் மறைக்காமல் போடுங்கள். பேனலிலிருந்து வரும் டி.சி. மின்சார லைனைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் ஸ்விட்ச் பேனல்களுக்குப் பக்கத்திலேயே, எளிதில் எட்டும் இடத்தில் இருக்கட்டும். மெயினை அணைத்தாலும் பகலில் அந்தக் கேபிளில் மின்சாரம் இருக்கும் என்று எழுதி ஒட்டுங்கள்.

கடைசியாகத் தரகர்கள். 18.30 மீட்டரைத் தாண்டிய உங்கள் கட்டடம் 2019ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கட்டட விதிகளின்படி உயர்மாடிக் கட்டடம். அதனால் ‘தீயணைப்புத் துறையின் என்.ஓ.சி. (தடையின்மைச் சான்று) புதுப்பித்துத் தருகிறேன், யாரும் வந்து பார்க்கமாட்டார்கள்’ என்று ஒருவர் உங்களைத் தேடி வருவார். யாரும் வந்து பார்க்காத சான்றிதழை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள்? நேராகத் தீயணைப்புத் துறையிலேயே விண்ணப்பியுங்கள். தீயணைப்பு சிலிண்டர் ரீஃபில் செய்பவர்களும் இதே ரகம்தான், தேதி ஸ்டிக்கரை மட்டும் மாற்றிவிட்டுப் போவார்கள். பழைய பவுடரை உங்கள் கண்முன் கொட்டச் சொல்லுங்கள், நிரப்பியபின் தராசில் வையுங்கள். பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, மூன்று மாதத்துக்கொருமுறை மேலே சொன்ன வால்வு சோதனை நடந்து, அழுத்த அளவு எழுதிய தாளில் சங்கத்தின் சார்பில் ஒருவர் கையெழுத்திட்ட பிறகே அந்தக் காலாண்டுப் பணம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.