நுரையீரலுக்குப் பரவிய புற்றுநோய்: 28 கிரே ஒரே சிட்டிங்கா, 50 கிரே ஐந்து சிட்டிங்கா?

கேட்டிருப்பது இது: நுரையீரலில் இரண்டு கட்டிகள் பரவியிருக்கின்றன. கட்டியை மட்டும் குறிவைத்துப் பெரிய டோஸில் கொடுக்கும் கதிர்வீச்சு சிகிச்சை இது. ஒரு டாக்டர் 28 கிரேயை (கிரே என்பது கதிர்வீச்சு டோஸின் அலகு) ஒரே சிட்டிங்கில் முடிக்கலாம் என்கிறார். இன்னொருவர் 50 கிரேயை ஐந்தாகப் பிரிக்கச் சொல்கிறார். 28 என்றால் பாதி டோஸ்தானே, போதுமா?

பாதி டோஸ் இல்லை. மொத்த கிரேயை மட்டும் வைத்து ஒப்பிட்டால் இங்கே கணக்கு தப்பும். ஒரு சிட்டிங்கில் எவ்வளவு இறங்குகிறது என்பதைப் பொறுத்துத்தான் அதன் தாக்கம். கதிரியக்கப் பிரிவில் போடும் கணக்கு எளிது: ஒரு சிட்டிங் டோஸை 10 ஆல் வகுத்து, அதோடு 1 கூட்டி, மொத்த டோஸால் பெருக்க வேண்டும். 28 கிரே ஒரே தடவை என்றால் 28 × 3.8 = 106. பத்துப் பத்தாக ஐந்து தடவை என்றால் 50 × 2 = 100. பன்னிரண்டு பன்னிரண்டாக நான்கு தடவை என்றால் 48 × 2.2 = 106. கட்டியைப் பொறுத்தவரை மூன்றும் ஏறக்குறைய ஒன்றே. நுரையீரல் கட்டிக்கு இந்த எண் 100-ஐத் தொட வேண்டும் என்பதுதான் பொதுவான இலக்கு. ஒரே சிட்டிங்கில் இவ்வளவு பெரிய டோஸுக்கு இந்தச் சூத்திரம் கொஞ்சம் மிகைப்படுத்துகிறது என்ற வாதமும் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க இது போதும்.

அதே கணக்கில் 10-க்குப் பதிலாக 3 போட்டுப் பாருங்கள். மூச்சுக்குழாய், ரத்தக்குழாய், தண்டுவடம் போன்ற நல்ல திசுக்களில் மாதங்கள் கழித்து வரும் பாதிப்பின் அளவு அது. 28 ஒரே தடவை என்றால் 289, 50 ஐந்து தடவை என்றால் 217. ஒரே சிட்டிங்கில் கட்டிக்கு ஏறக்குறைய அதே அடிதான், பக்கத்தில் இருப்பதற்கோ கூடுதல் அடி. ஆகவே கேட்க வேண்டியது "எத்தனை சிட்டிங்?" என்பதல்ல, "கட்டிக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது?" என்பது.

கட்டி நுரையீரலின் ஓரப்பகுதியில், பெரிய மூச்சுக்குழாய்களிலிருந்து 2 செ.மீ.க்கு மேல் தள்ளி இருந்தால் ஒரே சிட்டிங் தைரியமாகக் கொடுக்கலாம். ஆஸ்திரேலியா, நியூஸிலாந்தில் நடந்து 2021-ல் முடிவு வெளியான சாஃப்ரான் 2 ஆய்வு இதைத்தான் நேருக்கு நேர் பார்த்தது. 90 பேர், ஒன்று முதல் மூன்று கட்டிகள், 5 செ.மீ. வரை, எல்லாம் நடுப்பகுதிக்கு வெளியே. 28×1, 12×4 இரண்டிலும் ஓராண்டில் கடுமையான பக்கவிளைவு முறையே 5, 3 சதவீதம். கட்டி கட்டுப்படுவதிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மூச்சுக்குழாயை ஒட்டி இருந்தால் 50-ஐ ஐந்தாகவோ 60-ஐ எட்டாகவோ பிரிப்பதுதான் சரி. அந்த இடத்தில் பெரிய டோஸ் இறக்கினால் ரத்தக்கசிவு, குழாய் சுருங்குவது எல்லாம் வரலாம். மார்புச் சுவரை ஒட்டியிருந்தால் விலா எலும்பு விரிசலும் நரம்பு வலியும்தான் தொல்லை. அங்கும் பிரித்துக் கொடுப்பது பாதுகாப்பு.

இரண்டு டாக்டர்களின் பதிலும் வேறாக இருப்பதற்குப் பெரும்பாலும் இந்த இடம்தான் காரணம். இன்னொன்றும் உண்டு: ஒரே சிட்டிங்கில் தவறுக்கு இடமில்லை. ஐந்து நாளில் ஒருநாள் 3 மி.மீ. நகர்ந்தால் மீதி நான்கு நாள் அதை ஈடுகட்டும். ஒரே நாளில் நகர்ந்தால் மொத்த டோஸும் நகர்ந்துவிடும். அதனால் மூச்சோடு கட்டி ஏறி இறங்குவதைப் படம்பிடிக்கும் நான்கு பரிமாண சிடி, மெஷினில் ஏறிய பிறகு எடுக்கும் கோன் பீம் சிடி, நடுவில் மறுபடி சரிபார்ப்பு எல்லாம் கட்டாயம். விடாத இருமல் உள்ளவருக்கோ, கையை மேலே தூக்கி அரைமணி நேரம் அசையாமல் படுக்க முடியாதவருக்கோ ஒரே சிட்டிங்கை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முதுகெலும்புக்குப் பரவியது வேறு கதை. அங்கே தண்டுவடத்தின் மேல் விழும் உச்ச டோஸ் ஒரே சிட்டிங்கில் 14 கிரேயைத் தாண்டக் கூடாது. ஒரு சிட்டிங்குக்கு 20 கிரேக்கு மேல் போனால் எலும்பு நொறுங்கும் வாய்ப்பு ஏறுகிறது. வலியைக் குறைப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் சாதாரணக் கதிர்வீச்சு முறையில் 8 கிரே ஒரே தடவை போதும். 30 கிரே பத்து தடவை கொடுத்தாலும் வலி அதே அளவுக்குத்தான் குறையும். ஒரே தடவை கொடுத்தவர்களுக்குப் பின்னால் மறுபடி கொடுக்க வேண்டிவருவது மட்டும் கூடுதல்.

சிட்டிங் எண்ணிக்கைக்கு முன், இந்தச் சிகிச்சை தேவையா என்பதையும் கேளுங்கள். 2019-ல் வந்த சேபர்-காமெட் ஆய்வில், ஐந்து கட்டிகள் வரை பரவியவர்களுக்கு வழக்கமான சிகிச்சையோடு இதையும் கொடுத்தபோது இடைநிலை (மீடியன்) ஆயுள் 28 மாதத்திலிருந்து 41 மாதமாகக் கூடியது. ஆனால் இதைப் பெற்ற 66 பேரில் 3 பேர் சிகிச்சையின் விளைவால் இறந்தார்கள். மார்பகப் புற்றுநோயை மட்டும் எடுத்துக்கொண்ட என்ஆர்ஜி-பிஆர்002 ஆய்வில் பலன் தெரியவில்லை. எந்தப் புற்றுநோய் பரவியது என்பது முக்கியம்.

முடிந்த பிறகு ஒன்று. மூன்று முதல் ஆறு மாதத்தில் எடுக்கும் சிடியில் அந்த இடம் வெள்ளையாக, முன்பைவிடப் பெரிதாகவே தெரியலாம். அது பெரும்பாலும் கதிர்வீச்சுத் தழும்பு. சீக்கிரமே எடுத்த பெட் ஸ்கேனிலும் அழற்சியால் ஒளிரும். அடுத்தடுத்த ஸ்கேன்களில் வளர்ந்துகொண்டே போனால்தான் பயாப்சி பற்றி யோசிக்க வேண்டும்.