கேளுங்க, சொல்றேன்: லீவுக்கு ஆளுங்க வர்றாங்க, கையில காசு கம்மி

கேள்வி: அக்கா, லீவுக்கு ரெண்டு குடும்பம் வந்து ஒரு வாரம் தங்கப்போறாங்க. இன்னும் ஒரு மாசம் இருக்கு. சுவர் பெயிண்ட் மங்கிக் கிடக்கு, சோபா பழசு, செலவுக்குன்னு பெருசா எதுவும் இல்ல. எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல.

பதில்: பெயிண்ட்டையும் சோபாவையும் மொதல்ல மறந்துடுங்க. சோபா பழசுன்னு யாரும் கோச்சுக்கிட்டு போனதில்ல, ஆனா பாத்ரூம் தாழ்ப்பாள் விழலன்னா ஒரு வாரமும் ஒரு கையால கதவைப் பிடிச்சுக்கிட்டே குளிக்கணும், அதை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டாங்க. அதனால கண்ணுக்குத் தெரியிறதை விட கை படுற இடமாப் பாருங்க. இதுக்கு ஒரு நல்ல வழி, அவங்க படுக்கப்போற ரூம்ல இந்த வாரமே நீங்க ஒரு ராத்திரி படுத்துப் பாருங்க. பகல்ல நூறு தடவை பெருக்கினாலும் தெரியாததெல்லாம் லைட்டை அணைச்சப்புறம்தான் தெரியும், ஃபேன் கிரீச்சுன்னு கத்துறது, கொசுவலையில ஓட்டை, போன் சார்ஜ் போட்டா கட்டிலுக்கு எட்டாத பிளக், நடுராத்திரி பாத்ரூம் போக சுவிட்ச் எங்கன்னு சுவத்தைத் தடவுறது. காலையில எந்திரிச்சதும் எழுதி வச்சுக்கோங்க, அதுதான் உங்க வேலை லிஸ்ட், அதுக்கு மேல எதுவும் சேக்காதீங்க.

ஒரு மாசம் இருக்குங்கறதே பாதி காசு மிச்சம். சொட்டுற குழாய்க்கு இப்ப ஒரு வாஷர் மாத்தினா முடிஞ்சது, வர்றதுக்கு முந்தின நாள்னா கிடைச்ச பிளம்பர் கேக்குறதைக் கொடுக்கணும். அதே மாதிரி பாய், போர்வை, எக்ஸ்ட்ரா தட்டு எல்லாம் பக்கத்து வீட்ல, தங்கச்சி வீட்ல இப்பவே சொல்லி வச்சா கடனா வாங்கிடலாம், கடைசி நேரத்துல கேட்டா அவங்க வீட்லயும் ஆளுங்க வந்திருப்பாங்க.

ரொம்ப நாளா புழங்காத பாத்ரூம் ஒண்ணு இருந்து அதுல சாக்கடை நாத்தம் வந்தா உடனே ரூம் ஸ்பிரே வாங்க ஓடாதீங்க. தரையில தண்ணி போற ஜாலிக்கு அடியில எப்பவும் கொஞ்சம் தண்ணி தேங்கி நிக்கும், அதுதான் கீழ இருந்து வர்ற வாடையைத் தடுக்குது, புழங்கலன்னா அது காஞ்சு போயிடும். ஒரு பக்கெட் தண்ணி ஊத்துங்க, வாஷ்பேசின்லயும் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்து விடுங்க, பெரும்பாலும் அதோட நின்னுடும்.

கேள்வி: பீரோ மேல கட்டி வச்ச மெத்தை, தலகாணி எல்லாம் மக்கு வாடை அடிக்குது. புதுசுதான் வாங்கணுமா?

பதில்: வாங்காதீங்க. நல்ல வெயில் அடிக்கிற நாளாப் பாத்து காலையிலயே போட்டு, மத்தியானம் திருப்பிப் போட்டு, வெயில் சாயறதுக்குள்ள எடுத்துடுங்க. அதுக்கப்புறமும் வாடை இருந்தா பேக்கிங் சோடாவை லேசாத் தூவி சில மணி நேரம் விட்டு, வேக்குவம் இருந்தா அதுல இழுங்க, இல்லன்னா நல்லாத் தட்டி உதறுங்க. பெட்ஷீட், தலகாணி உறையை, துணி தாங்கும்னா 60 டிகிரி வெந்நீர்ல துவைங்க, தும்மல் வர வைக்கிற தூசிப்பூச்சி அந்தச் சூட்ல செத்துடும். ஈரம் இம்மியும் இல்லாம காஞ்சப்புறம் மடிங்க. அந்துருண்டையை மட்டும் படுக்கைத் துணிக்குள்ள வைக்காதீங்க, அந்த வாடையில தலை வலிச்சு ராத்திரி பூரா புரள்றவங்க இருக்காங்க. அப்புறம் புது டவல் வாங்கியே ஆகணும்னா அதை ஒண்ணு ரெண்டு தடவை துவைச்சப்புறம் கொடுங்க, கடையிலேருந்து வந்த பளபளப்போட தண்ணியே உறிஞ்சாது.

கேள்வி: வினிகரையும் பேக்கிங் சோடாவையும் கலந்தா எல்லாக் கறையும் போகும்ங்கறாங்களே, விலை அதிகமான கிளீனருக்குப் பதிலா அதையே பயன்படுத்தலாமா?

பதில்: கலக்கறதுலதான் தப்பு. புஸ்ஸுன்னு நுரை வந்ததும் பெரிய வேலை நடக்குதுன்னு தோணும், அது வெறும் கார்பன் டை ஆக்சைடு, ஒண்ணு அமிலம் ஒண்ணு காரம், ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு கடைசியில மிஞ்சுறது கொஞ்சம் உப்பு கலந்த தண்ணிதான். தனித்தனியாப் போடுங்க. குழாய்ல வெள்ளையாப் படிஞ்ச உப்புக்கறைக்கு வினிகர்ல நனைச்ச துணியைச் சுத்தி அரை மணி நேரம் விட்டு பழைய டூத் பிரஷ்ல தேச்சா போயிடும், மார்பிள் மேல மட்டும் சொட்டாமப் பாத்துக்கோங்க, அரிச்சுடும். பிசுக்கு, வாடைக்கெல்லாம் சோடா. இன்னொண்ணு, சிக்கனம்னு கையில இருக்கறதையெல்லாம் ஒண்ணா ஊத்துறவங்க இருக்காங்க, பிளீச்சோட வினிகரோ ஆசிட் டாய்லெட் கிளீனரோ சேந்தா குளோரின் வாயு வரும், மூடின பாத்ரூம்ல அது ஆளையே சாய்ச்சுடும். இந்த விஷயத்துல மட்டும் விளையாட்டே வேண்டாம்.

கேள்வி: முன்னாடியே சமைச்சு ஃப்ரீசர்ல வைக்கலாமா?

பதில்: தாராளமா. ஆனா மொதல்ல ரெண்டு வாரம் ஃப்ரீசர்ல ஏற்கனவே இருக்கறதையே எடுத்துச் சாப்பிட்டு காலி பண்ணுங்க, இடமும் கிடைக்கும் கடைச் செலவும் குறையும். சமைச்சதை ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய விடாம, சின்னச் சின்ன பாக்கெட்டா தட்டையாப் போட்டு தேதி எழுதி வைங்க. ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி, கீழ இருக்கற ஃப்ரிட்ஜ் பகுதி 4 டிகிரிக்குள்ள இருக்கட்டும். எடுக்கும்போது முந்தின ராத்திரியே கீழ் தட்டுக்கு மாத்திடுங்க, மேடையில வச்சு உருக விடாதீங்க.

கேள்வி: எங்க வீட்டுக்காரர் "எல்லாம் முந்தின நாள் பாத்துக்கலாம்"ங்கறார். என்ன பண்றது?

பதில்: "கொஞ்சம் உதவி பண்ணுங்க"ன்னு சொன்னா அப்படித்தான் சொல்வாங்க. ஃபேன் முழுக்க உங்க பொறுப்புன்னு ஒரு பழைய தலகாணி உறையைக் கையில கொடுத்துடுங்க, றெக்கைக்குள்ள மாட்டி இழுத்தா தூசி மொத்தமும் உறைக்குள்ளயே விழுந்துடும், கீழ ஒரு பொட்டு சிந்தாது, அவருக்கே பிடிச்சுப் போயிடும். அப்படியே வாசக்கதவுக்கு இன்னொரு சாவி போட்டுட்டு வரச் சொல்லுங்க, வந்தவங்க வெளிய போயிட்டு வர்ற ஒவ்வொரு தடவையும் நீங்க எந்திரிச்சுப் போய் கதவைத் திறக்க வேண்டியதில்ல.