நீங்கள் மலை இறங்கிய பிறகு

கேள்வி: ஏற்காட்டில் 22 அறை லாட்ஜ் ஒன்றை அப்பாவுக்குப் பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன். வேலையாட்கள் 11 பேர். கண்டிப்பு இருந்தால்தான் வேலை நடக்கும் என்று கேமரா வைத்தேன். தாமதமாக வந்தால் அரை நாள் சம்பளம் பிடிக்கிறேன். போன வருடம் ஆளுக்கு 1,500 ரூபாய் கூட்டியும் கொடுத்தேன். ஆனாலும் மே சீசனில் மூன்று பேர் நின்றுவிட்டார்கள். நான் சேலத்துக்கு இறங்கும் நாட்களில்தான் புகார் வருகிறது. டிசம்பரில் ஒரு நாள் கீசர் ஓடவில்லை. காலை ஆறு மணிக்கு வெந்நீர் கேட்ட குடும்பத்தை, "ஓனர்கிட்ட கேக்கணும்" என்று சொல்லி ரூம் பாய் ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டான். வந்ததும் அவர்கள் எதிரிலேயே திட்டினேன். தன்மையாகப் போனால் தலைமேல் ஏறிவிட மாட்டார்களா?
— வாசகர், ஏற்காடு

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் 'நான் சேலத்துக்கு இறங்கும் நாட்களில்தான்' என்ற இடத்தில் பேனாவால் கோடு போட்டு வைத்தேன்.

முப்பது வருடத்துக்கு முன்னால் சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஹோட்டலில் கணக்கு எழுதினேன். முதலாளி கல்லாவில் இருக்கும்வரை சப்ளையர்கள் பம்பரமாகச் சுற்றுவார்கள். மத்தியானம் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனதும் சட்னி வாளி இரண்டாவது தடவை வராது. கல்லாவுக்குக் கீழே அவர் செருப்பு கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாளியைத் தூக்குவார்கள். ஒருத்தரும் சோம்பேறி கிடையாது. செருப்புக்கு வேலை செய்தே பழகியிருந்தார்கள், அவ்வளவுதான்.

இதையே கர்ட் லெவின் என்ற உளவியலாளரும் இரண்டு சகாக்களும் அமெரிக்காவில் பத்து, பதினோரு வயதுப் பையன்களை வைத்துப் பார்த்து 1939-ல் எழுதினார்கள். முகமூடி செய்வது மாதிரி கைவேலை. ஒரு தலைவர் எல்லாவற்றையும் தானே முடிவு செய்து உத்தரவு போட்டார். இன்னொருவர் பையன்களோடு கலந்து பேசினார். மூன்றாமவர் 'என்னமோ செய்யுங்கள்' என்று விட்டுவிட்டார். உத்தரவு போட்டவர் அறையில் இருந்தவரை வேலை ஓடியது. வெளியே போனதும் படுத்துவிட்டது. கலந்து பேசிய குழுவில் தலைவர் போன பிறகும் கிட்டத்தட்ட அதே வேகம். விட்டுவிட்ட குழு எப்போதுமே மந்தம். நீங்கள் பயப்படுவது இந்த மூன்றாவதைத்தான். தன்மையாக இருப்பது வேறு, கண்டுகொள்ளாமல் இருப்பது வேறு.

பையன்கள் விளையாட்டு லாட்ஜுக்கு எப்படிப் பொருந்தும் என்பீர்கள். செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பு சரியில்லை என்றால், கடைக்குப் போகுமுன் எடுத்து ஒதுக்கிவிடலாம். அறை வாசலில் பையன் சொன்ன வார்த்தையை ஒதுக்க முடியாது. வாயை விட்டு வரும்போதே அது விருந்தாளியிடம் சேர்ந்துவிடுகிறது. அங்கே நீங்கள் இருக்கவும் மாட்டீர்கள்.

அந்த வெந்நீர் காலையை எடுத்துக்கொள்வோம். சமையலறையில் அடுப்பு இருக்கிறது, அண்டா இருக்கிறது, காலி அறைகூட ஒன்று இருந்திருக்கும். பையனுக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். அறையைத் திறந்தால் 'யாரைக் கேட்டுத் திறந்தாய்' என்பீர்கள் என்பதும் தெரியும். கேமரா வேறு பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு மணி நேரம் சும்மா நிற்பதுதான் அவனுக்குப் பாதுகாப்பு. அப்புறம் எதிரிலேயே திட்டினீர்களே, அதில் அந்தக் குடும்பத்துக்கு என்ன கிடைத்தது? சங்கடம்தான்.

ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல்களில், விருந்தாளியின் குறையைத் தீர்க்க ஊழியர் மேலிடத்தைக் கேட்காமலே 2,000 டாலர் வரை செலவழிக்கலாம் என்றொரு விதி பிரபலம். நமக்கு அவ்வளவு வேண்டாம். 500 ரூபாய், ஒரு காலி அறைச் சாவி. செய்ததை நோட்டில் எழுதிவைத்தால் போதும் என்று சொல்லிப் பாருங்கள். முதல் மாதம் ஒன்றிரண்டு தப்பாகவும் போகும். அதை விளம்பரச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் கூட்டியது நல்ல காரியம். ஆனால் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959-லேயே சொன்னது: சம்பளம் போதாவிட்டால் மனக்குறை வரும், கூட்டினால் குறை தீரும், வேலையில் ஆசை வந்துவிடாது. அதற்குப் பொறுப்பு தர வேண்டும், செய்ததைக் கவனித்துச் சொல்ல வேண்டும். (இதைச் சாக்காக வைத்துச் சம்பளமே ஏற்றாத முதலாளிகளும் உண்டு. அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடாதீர்கள்.)

அரை நாள் பிடித்தத்தை நிறுத்துங்கள். நாகலூர் பக்கமிருந்து வருகிறவர், பஸ் தாமதமானால் என்ன செய்வார்? கோடை விழா சமயத்தில் யாருக்கு என்றைக்கு லீவு என்பதை அவர்களே உட்கார்ந்து எழுதட்டும். சனி, ஞாயிறு எட்டுப் பேர் இருந்தே ஆக வேண்டும் என்பது மட்டும் உங்கள் கட்டளை.

எல்லாவற்றையும் கூடிப் பேசி முடிவு செய்யச் சொல்லவில்லை. கேஸ் சிலிண்டர், கல்லாக் கணக்கு, அடையாள அட்டை பார்க்காமல் அறை கொடுக்கக் கூடாது என்பது, இதிலெல்லாம் பேச்சே கிடையாது. நேற்றுச் சேர்ந்த பையனுக்குப் படுக்கை விரிப்பைக்கூடப் பக்கத்தில் நின்று சொல்லித்தான் தர வேண்டும். 'உன் இஷ்டம்' என்றால் முழிப்பான். பத்து வருட மாஸ்டரிடம் அதே மாதிரி நின்றால் கரண்டியை வைத்துவிட்டுப் போய்விடுவார். நின்றுபோன மூன்று பேரில் அப்பா காலத்து ஆட்கள் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

கேமராவில் கல்லாவையும் வாசலையும் பார்ப்பவை இருக்கட்டும். சமையலறையில் வைத்திருந்தால் கழற்றிவிடுங்கள். அந்த வெந்நீர்ப் பையன் இன்னும் உங்களிடம் இருந்தால், எல்லோர் எதிரிலும் கூப்பிட்டு, 'அன்றைக்கு நான் திட்டியது தப்பு' என்று சொல்லுங்கள். எதிரில்தானே திட்டினீர்கள். சரி, அதற்கப்புறம் ஒரு நாள், போனை எடுத்துப் பார்க்காமல் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, கோரிமேட்டில் நிதானமாக ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். லாட்ஜில் என்ன நடந்திருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.