தொலைவிலுள்ள கணினிகளின் லாக் பதிவுகளைத் திரட்டுதல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: முப்பது சர்வர்களின் சிஸ்லாக் பதிவுகளை (நிரல்கள் எழுதும் நிகழ்வுக் குறிப்புகளை) யுடிபி வழியாக, அதாவது போய்ச்சேர்ந்ததா என்று உறுதிசெய்யாத முறையில், ஒரு மைய சர்வருக்கு அனுப்புகிறோம். அந்தந்த சர்வரில் இருக்கும் வரிகளில் சில மையத்தில் இல்லை. நெட்வொர்க்கில் கோளாறு எதுவும் தெரியவில்லை. அவை எங்கே தொலைகின்றன?

பதில்: பெரும்பாலும் மைய சர்வரின் வாசலில் தொலைகின்றன. 514-ஆம் போர்ட்டுக்கு வந்துசேரும் பாக்கெட்டுகளை இயக்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் ஒரு பஃபரில், அதாவது தற்காலிக நினைவிடத்தில், வைத்திருக்கிறது. சிஸ்லாக் நிரல் அவற்றை எடுத்துக்கொள்வதற்குள் அந்த பஃபர் நிறைந்துவிட்டால், அடுத்து வருபவை கைவிடப்படும். அனுப்பிய சர்வருக்கு அது தெரியாது, பெற்ற சர்வரின் பதிவிலும் அதற்குத் தடயம் இருக்காது. மைய சர்வரில் நெட்ஸ்டாட் கட்டளை தரும் யுடிபி புள்ளிவிவரத்தைப் பத்து நிமிட இடைவெளியில் இருமுறை பாருங்கள். பெறுதல் பிழைகளின் எண்ணிக்கை ஏறியிருந்தால் காரணம் அதுதான்.

பஃபரைப் பெரிதாக்கலாம், ஆனால் பெற்றதை உறுதிசெய்துகொள்ளும் டிசிபிக்கு மாறுவதையே நான் பரிந்துரைப்பேன். லினக்ஸின் சிஸ்லாக் நிரல்களில் ஒன்றான ஆர்சிஸ்லாக்கின் பழைய பாணி அமைப்புக் கோப்பில் முகவரிக்கு முன் ஒற்றை @ இருந்தால் யுடிபி, இரட்டை @@ இருந்தால் டிசிபி. இருப்பினும் டிசிபியும் முழு உத்தரவாதம் ஆகாது. இணைப்பு திடீரென்று அறுந்தால், அனுப்பும் கணினியின் கெர்னல் வாங்கிவைத்து இன்னும் மறுமுனைக்குப் போய்ச்சேராத வரிகள் போய்விடும், ஆனால் ஆர்சிஸ்லாக் அவற்றை அனுப்பிவிட்டதாகவே கணக்கில் வைத்திருக்கும். ஒரு வரிகூட விடுபடக் கூடாது என்றால், பெற்றதற்கு நிரல் மட்டத்திலேயே ஒப்புகை தரும் ரெல்ப் நெறிமுறையைப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். இயக்குதளம் தானே வைத்திருக்கும் பதிவேடான ஜர்னலில் இருக்கும் வரி அதே சர்வரின் லாக் கோப்பில் இல்லையென்றால் நெட்வொர்க்கைக் குறை சொல்வதில் பயனில்லை. ஜர்னலிலிருந்து படிக்கும் ஆர்சிஸ்லாக் தொகுதி, இயல்பாக 600 விநாடிகளுக்கு 20,000 பதிவுகளுக்கு மேல் எடுப்பதில்லை.

கேள்வி: டிசிபிக்கு மாறிய பிறகு, ஓர் இரவு மைய சர்வரின் டிஸ்க் நிறைந்துவிட்டது. அதனுடன் தொடர்பே இல்லாத மற்ற சர்வர்களில்கூட எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலிருந்து உள்நுழைய முடியவில்லை. இது எப்படி நடக்கும்?

பதில்: தொடர்பு இருக்கிறது. மையம் பதிவுகளைப் பெறுவதை நிறுத்தியதும், அனுப்ப வேண்டியவை ஒவ்வொரு சர்வரிலும் ஆர்சிஸ்லாக்கின் முதன்மை வரிசையில் தேங்கத் தொடங்குகின்றன. உள்ளூர்க் கோப்பில் எழுத வேண்டிய பதிவுகளும் அதே வரிசையில்தான் நிற்கின்றன. அது நிறைந்தபின் வரும் ஒவ்வொரு பதிவும் இயல்பாக 2 விநாடி காத்திருந்து, இடம் கிடைக்காவிட்டால் கைவிடப்படுகிறது. உள்நுழையும்போது எஸ்எஸ்ஹெச் சேவை எழுதும் வரிகளும் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. கடவுச்சொல்லைத் தட்டியபின் திரை அப்படியே நின்றுவிடும். எனக்கும் ஒருமுறை இப்படி நேர்ந்தது. ஆர்சிஸ்லாக்கை நிறுத்தினால் தீரும் என்று தெரிந்தும், அதை நிறுத்துவதற்கு உள்ளே போக முடியாமல், சர்வரின் நேரடித் திரையான கன்சோல் கிடைக்கும் வரை காத்திருந்தேன்.

தீர்வு, தொலைவுக்கு அனுப்பும் செயலுக்கென்று தனி வரிசை அமைப்பது. அது நினைவகத்தில் இயங்கி, நிறையும் நிலையில் டிஸ்க்குக்கு வழிய வேண்டும். டிஸ்க்கில் அது எவ்வளவு இடம் எடுக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு வேண்டும். மறுமுயற்சி எண்ணிக்கையை −1 என்று வைத்தால் முயற்சி கைவிடப்படாது. வரிசைக்குக் கோப்புப் பெயர் கொடுக்க மறந்துவிடாதீர்கள். பெயர் இல்லையென்றால் அது டிஸ்க்குக்குப் போகவே போகாது, பிழைச் செய்தியும் வராது. வரிசை முழுவதும் நிறைந்தால் காத்திருக்காமல் பதிவைக் கைவிடும்படி அமைப்பதா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். நான் கைவிடுவேன், ஏனெனில் சில வரிகள் போவதைவிடச் சர்வருக்குள் நுழைய முடியாமல் போவது பெரிய இழப்பு. மைய சர்வரில் லாக் கோப்புகளுக்குத் தனிப் பார்ட்டிஷன் இருக்கட்டும்.

கேள்வி: வெவ்வேறு நாடுகளில் உள்ள கணினிகளின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தால் நேர வரிசை குழம்புகிறது. என்ன செய்யலாம்?

பதில்: வந்துசேரும் ஒரு வரியை அப்படியே பாருங்கள்: <86>மார்ச் 3 02:10:45 என்று தொடங்கும். 86 என்பது, உள்நுழைவுப் பதிவுகளுக்கான வகை எண் 10-ஐ 8-ஆல் பெருக்கி, தகவல் நிலைக்கான 6-ஐக் கூட்டியது. அடுத்து வரும் நேரத்தில் ஆண்டும் இல்லை, நேர மண்டலமும் இல்லை. 1980-களில் எரிக் ஆல்மன் செண்ட்மெயில் என்ற மின்னஞ்சல் நிரலுக்காக எழுதியதிலிருந்து வழக்கத்தில் இருந்த வடிவத்தை 2001-இல் இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 3164 எழுத்தில் பதிந்தது. 2009-இல் வந்த ஆர்எஃப்சி 5424 ஆண்டு, நேர மண்டலம் இரண்டையும் சேர்த்தது. எல்லாக் கணினிகளையும் புதிய வடிவத்தில் அனுப்பச் செய்யுங்கள், கடிகாரங்களை நேர ஒத்திசைவு நெறிமுறையான என்டிபியுடன் இணையுங்கள். அனுப்பிய நேரத்தோடு மையம் பெற்ற நேரத்தையும் சேமித்தால், கடிகாரம் பிசகிய கணினி எதுவென்று உடனே தெரிந்துவிடும்.

கேள்வி: பல கணினிகளின் பதிவுகள் லோக்கல்ஹோஸ்ட் என்ற ஒரே பெயரில் வந்து கலக்கின்றன.

பதில்: அந்தப் பெயர் அனுப்பும் கணினி தானே எழுதிக்கொள்வது. கோப்புகளைப் பிரிக்க, இணைப்பு எந்த ஐபி முகவரியிலிருந்து வந்தது என்பதைப் பயன்படுத்துங்கள். இடையில் பதிவுகளை வாங்கி அனுப்பும் ரிலே சர்வர் இருந்தால் இது பலிக்காது, பெயர்களைத்தான் திருத்த வேண்டும்.

கேள்வி: ஜாவா நிரலின் பிழைத் தடம் (பிழை வந்த வழியைக் காட்டும் பல வரிகள்) நாற்பது தனிப் பதிவுகளாகச் சிதறி வருகிறது.

பதில்: டிசிபியில் பெரும்பாலும் வரிமுறிவுதான் பதிவின் முடிவாகக் கொள்ளப்படுகிறது. நிரலே ஒரு நிகழ்வை ஒரே வரி ஜேசானாக (தரவுக்கான ஓர் உரை வடிவம்) எழுதட்டும். மையத்தில் ஒட்டவைக்க முயலாதீர்கள், இரு நிரல்களின் வரிகள் இடையில் புகுந்தால் பிரிக்கவே முடியாது.

கேள்வி: டிஎல்எஸ் மறையாக்கம் போட்டுவிட்டால் பதிவுகள் பாதுகாப்பாக இருக்குமா?

பதில்: 6514-ஆம் போர்ட்டில் டிஎல்எஸ் அமைத்தால் வழியில் யாரும் படிக்க முடியாது. ஆனால் சான்றிதழில் உள்ள பெயரைச் சரிபார்க்காமல் விட்டால், யார் வேண்டுமானாலும் போலிப் பதிவுகளை அனுப்பலாம், ஆகவே இருபுறமும் சரிபாருங்கள். கணினிக்குள் நுழைந்துவிட்டவர், ஏற்கெனவே மையத்துக்கு வந்துவிட்டதை அழிக்க முடியாது. இனி வரவேண்டியதை நிறுத்த முடியும். அதனால் ஒவ்வொரு கணினியும் சிஸ்லாக்குக்கு வரி எழுதும் லாகர் கட்டளை வழியாக ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி அனுப்பட்டும், அந்த வரி வராதபோது எச்சரிக்கை ஒலிக்கட்டும். சமிக்ஞை 15-ஆல் (நிரலை நிறுத்தச் சொல்லும் சமிக்ஞை) ஆர்சிஸ்லாக் வெளியேறுகிறது என்ற வரியோடு ஒரு கணினி மௌனமாகி, அந்த நேரத்தில் உங்கள் குழுவில் யாரும் அதை நிறுத்தவில்லை என்றால், வேறு எதையும் ஆராய்வதற்கு முன் அந்தக் கணினியை நெட்வொர்க்கிலிருந்து பிரித்துவிடுங்கள்.