வசனத்தை மட்டும் படித்தால் கொலைகாரன் சிக்கமாட்டான்

கேள்வி: கல்லூரி நாளிலிருந்து ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் என்று க்ரைம் நாவல்களாகவே படித்து வந்தவன் நான். நண்பர் சொன்னாரே என்று முதல்முறையாக ஒரு மர்ம கிராஃபிக் நாவல், அதாவது காமிக்ஸ் வடிவில் வரும் நாவல், வாங்கினேன். சேலத்தில் பஸ் ஏறியதும் பிரித்தேன், ஏற்காடு ஒண்டிக்கடையில் இறங்குவதற்குள் முடிந்துவிட்டது. கொடுத்த காசுக்கு ஒரு பயணத்துக்குக்கூட வரவில்லை. கடைசியில் கொலைகாரனைக் காட்டியபோது 'யார் இவன்?' என்றுதான் தோன்றியது. பெரியவர்கள் படிக்க இதில் என்ன இருக்கிறது? இருக்கிறதென்றால் எதிலிருந்து ஆரம்பிப்பது?
– ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்.

பதில்: 'யார் இவன்?' என்று கேட்டீர்களே, கோளாறு எங்கே என்பது அதிலேயே தெரிகிறது. பாத்திரங்கள் பேசுவதை எழுதும் பலூனுக்குள் இருந்த வசனத்தை மட்டும் படித்திருக்கிறீர்கள். அதுவும் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஆடிக்கொண்டே போகிற பஸ்ஸில். அந்த ஆள் முன்பே சில கட்டங்களில் வாய் திறக்காமல் ஓரமாக நின்றிருப்பான். அவனுக்கு வசனம் இல்லை என்பதால் உங்கள் கண் அவனைத் தாண்டிப் போயிருக்கும்.

நாவலில் எழுத்தாளர் சொன்னால்தான் ஒரு பொருள் அறைக்குள் வரும். 'மேஜை மேல் ஓர் ஆஷ்ட்ரே இருந்தது' என்று ஒரு வரி வந்துவிட்டால், உங்களைப் போல் பழகிய வாசகர் உடனே நிமிர்ந்து உட்காருவார். சும்மா எழுதமாட்டாரே, ஆஷ்ட்ரேயில் ஏதோ இருக்கிறது என்று மனம் கணக்குப் போடும். படத்தில் அந்த எச்சரிக்கை கிடையாது. ஆஷ்ட்ரே, காலண்டர், பாதி மூடிய ஜன்னல், ஆணியில் தொங்கும் சட்டை எல்லாம் ஒரே கட்டத்தில் ஒரே மரியாதையோடு இருக்கும். எது துப்பு, எது வெறும் சாமான் என்று யாரும் சொல்லித் தரமாட்டார்கள். ஓவியருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. எழுத்தாளர் 'ஓர் உருவம் நகர்ந்தது' என்று எழுதித் தப்பித்துக்கொள்ளலாம். ஓவியர் அந்த உருவத்தை வரைந்தே ஆகவேண்டும். உயரம், தோள், நடை, கையுறை என்று எதையாவது காட்டித்தான் தீரவேண்டும். இந்த விஷயத்தில் மர்ம நாவலைவிட மர்மக் காமிக்ஸ் வாசகரிடம் நேர்மையாக நடந்துகொள்கிறது என்பது என் உறுதியான எண்ணம். எல்லாவற்றையும் கண்ணெதிரே வைத்துவிட்டுத்தான் அது ஒளித்துவைக்கிறது.

இதற்கு நான் கண்ட மிகச் சிறந்த உதாரணம் 1986-87இல் 12 இதழ்களாக வந்த 'வாட்ச்மென்'. எழுதியவர் ஆலன் மூர், வரைந்தவர் டேவ் கிப்பன்ஸ். ஒரு கொலை விசாரணையோடு தொடங்குகிறது. கதையின் மிக முக்கியமான மனிதர்களில் ஒருவர் முதல் பக்கத்திலேயே, கையில் ஒரு பலகையோடு, தெருவில் நடந்துபோகிறார். அப்புறமும் பலமுறை ஓரத்தில் வந்துபோகிறார். அவர் யார் என்று வார்த்தைகளில் ஒரு குறிப்பும் இல்லை. கதை பாதியை நெருங்கும்போது விஷயம் உடைகிறது. நான் பெயரைச் சொல்லப்போவதில்லை. தெரிந்ததும் முதல் பக்கத்துக்கு ஓடி வராத வாசகரே இருக்கமுடியாது.

அடுத்தது, கட்டங்களுக்கு நடுவில் விடுகிற இடைவெளி. ஸ்காட் மெக்லௌட் 1993இல் காமிக்ஸ் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காமிக்ஸாகவே வரைந்து ஒரு புத்தகம் போட்டார். அதில் ஒரு கட்டத்தில் ஒருவன் கோடரியை ஓங்குகிறான், அடுத்த கட்டத்தில் இரவு நகரமும் ஓர் அலறலும் மட்டும். வெட்டியதை யாரும் வரையவில்லை. எங்கே, எவ்வளவு வேகமாக வெட்டினான் என்பதெல்லாம் வாசகர் மனதில்தான் நடக்கிறது. மர்மக்கதைக்கு இதைவிட நல்ல கருவி வேறு என்ன வேண்டும்? துப்பறியும் சினிமாக்கள் நம் ஊருக்குப் புதிதில்லை. ஏற்காடு சாலையிலிருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் 1966இல் 'வல்லவன் ஒருவன்' எடுத்தது. ஆனால் சினிமாவில் ஒரு காட்சி எத்தனை நொடி ஓடவேண்டும் என்று முடிவு செய்வது எடிட்டர். காமிக்ஸில் அந்த உரிமை முழுக்க உங்களிடம் இருக்கிறது. அதைப் பஸ்ஸில் வீணடித்துவிட்டீர்கள்.

பக்கத்தைத் திருப்புவதிலும் சூட்சுமம் உண்டு. வலப்பக்கத்துக் கடைசிக் கட்டத்தில் கதவு மெல்லத் திறக்கும். உள்ளே என்ன என்பது தாளைத் திருப்பிய பிறகு இடப்பக்கத்தில் இருக்கும். விஷயம் தெரிந்த ஓவியர் அதிர்ச்சியை அங்கேதான் வைப்பார். ஆகவே முதல் புத்தகங்களை அச்சில் படியுங்கள். செல்போன் திரையில் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிப் பார்த்தால் இந்த ஏற்பாடு முழுக்கக் கலைந்துபோகும்.

சரி, எதிலிருந்து ஆரம்பிப்பது? ரிப்போர்ட்டர் ஜானியிலிருந்து. தமிழில் இந்தப் பெயரில் வரும் இவர் பிரெஞ்சு மொழியில் ரிக் ஹோஷே. 1955இல் டிபே என்ற ஓவியரும் துஷாதோ என்ற எழுத்தாளரும் உருவாக்கிய பத்திரிகை நிருபர். பெரும்பாலும் ஓர் ஆல்பத்துக்கு, அதாவது ஒரு புத்தகத்துக்கு, ஒரு வழக்கு, ஐம்பது பக்கத்துக்குள் முடியும். நடக்கவே முடியாதது போன்ற ஒரு குற்றம், சந்தேகப்பட ஒரு கூட்டம், கடைசியில் விளக்கம். உங்கள் க்ரைம் நாவல் பழக்கத்துக்கு இது அந்நியமாகத் தெரியாது. முதலில் பலூன்களை விட்டுவிட்டுப் பக்கம் முழுவதையும் ஒருமுறை பாருங்கள், பிறகு வசனத்துக்கு வாருங்கள். முடிந்ததும் அன்றே திரும்ப ஒருமுறை புரட்டுங்கள். கொலைகாரன் இருக்கும் கட்டங்களில் மட்டும் நின்று, அவன் கை என்ன செய்கிறது, கண் எங்கே பார்க்கிறது என்று கவனியுங்கள். காசு வீணாயிற்றா என்பதை அப்போது சொல்லுங்கள்.

அடுத்து ஜூலியா. 1998இல் ஜியான்கார்லோ பெரார்தி இத்தாலியில் தொடங்கிய தொடர், கறுப்பு வெள்ளை. இதில் யார் செய்தார் என்பதைவிட ஏன் செய்தார் என்பதுதான் பெரிதாக இருக்கும். ஜப்பானிய மங்கா பக்கம் போக ஆசை வந்தால் நவோகி உராசவாவின் 'மான்ஸ்டர்' இருக்கிறது, 18 தொகுதிகள். தான் உயிர் கொடுத்துக் காப்பாற்றிய சிறுவன் பின்னாளில் கொலைகாரனாகி நிற்பதைக் காணும் ஒரு மருத்துவரின் கதை. மங்காவை வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டும். மறந்தால் கேள்விக்கு முன்னால் பதிலைப் படித்துவிடுவீர்கள்.

இப்போதைக்குத் தொடவேண்டாதது ஆலன் மூரும் எடி கேம்ப்பெல்லும் செய்த 'ஃப்ரம் ஹெல்'. 1888 லண்டன் ஒயிட்சாப்பல் கொலைகளைப் பற்றிய மகத்தான வேலை, ஐந்நூறு பக்கத்துக்கு மேல். பட்டியல்களில் முதலிடத்தில் பார்த்துவிட்டுப் பலர் அதில் போய் விழுகிறார்கள். கொலைகாரன் யார் என்பதை அது ஒளிப்பதே இல்லை. கோடுகளும் கறுப்பும் நெருக்கியடிக்கும் பக்கங்களில் பழக்கமில்லாத கண் களைத்துப்போகும். இரண்டு வருடம் கழித்து எடுங்கள்.

பெரியவர்கள் படிக்க என்ன இருக்கிறது என்றீர்கள். 1972இல் இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸ் வந்தபோது வாசித்த சிறுவர்கள் இன்று தாத்தாக்கள். அவர்களில் இன்னும் விடாமல் படிப்பவர்கள் உண்டு. அவர்களிடம் கேட்டால் உங்களுக்கு 'இரத்தப் படலம்' சொல்வார்கள். நினைவிழந்து கரை ஒதுங்கிய ஒருவன், உடம்பில் XIII என்று பச்சை குத்தியிருக்கிறது, தான் யார் என்று தேடிப் போகிறான். வான் ஹாம் எழுதி 1984இல் தொடங்கியது, மூலக்கதை 19 பாகங்களில் 2007இல் முடிந்தது. புத்தகத் திருவிழாவிலோ பழைய புத்தகக் கடையிலோ நடுப் பாகம் ஒன்று தனியாகக் கண்ணில் பட்டால் ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள். முதல் பாகத்திலிருந்து வரிசையாகக் கிடைக்கும்வரை காத்திருங்கள். நடுவில் நுழைந்தால் அதிலும் 'யார் இவன்?' என்றுதான் கேட்பீர்கள்.