குண்டடி பட்டு எட்டு மாதம்: புண் ஆறிய பிறகும் ஏன் இப்படி?

கேள்வி: எனக்கு வயது 36. எட்டு மாதங்களுக்கு முன்பு, நான் வேலை செய்யும் இடத்தில் கொள்ளையடிக்க வந்தவன் சுட்டதில் இடது தொடையின் பின்பக்கம் குண்டு பாய்ந்தது. சுட்டதே எனக்குத் தெரியவில்லை. யாரோ காலில் ஓங்கி உதைத்த மாதிரிதான் இருந்தது. ஷூவுக்குள் ஈரமாக, கதகதப்பாக இருக்கிறதே என்று குனிந்து பார்த்தபோதுதான் ரத்தம் தெரிந்தது. எலும்பு உடையவில்லை. குண்டை எடுக்காமலேயே வைத்தியம் பார்த்து அனுப்பிவிட்டார்கள். புண் ஆறிவிட்டது, நடக்கிறேன். ஆனால் இரவெல்லாம் உள்ளங்கால் எரிகிறது. கதவு படாரென்று சாத்தினால் உடம்பு தூக்கிப்போடுகிறது. வேலைக்குப் போக முடியவில்லை. சொன்னால் "உயிர் பிழைச்சதே பெரிசு" என்கிறார்கள். குண்டு உள்ளே இருந்தால் விஷமாகுமா? நான் ஏன் இப்படி ஆகிவிட்டேன்? சில ராத்திரிகளில் அன்றைக்கே போயிருக்கலாம் என்று தோன்றுகிறது. என் ஆறு வயது மகள் தழும்பைத் தொட்டுப் பார்க்கக் கேட்கிறாள், விடலாமா?

பதில்: போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, "அன்றைக்கே போயிருக்கலாம்" என்று, அந்த வரியிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் கேட்ட கேள்விகளில் எதுவும் அதைவிட அவசரமானது இல்லை. இந்த எண்ணம் வருவதை வீட்டில் ஒருவரிடமாவது இன்றைக்கே வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்த வாரத்துக்குள் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். எப்படிச் சாவது என்று யோசிக்கும் அளவுக்குப் போனால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம், பக்கத்தில் இருக்கும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். மாதக்கணக்கில் தூங்க முடியாமல், வலியோடு, யாரும் நம்பாமல் கிடக்கும் மனிதருக்கு வரக்கூடிய எண்ணம்தான் இது. கோழைத்தனமும் இல்லை, நன்றி கெட்டதனமும் இல்லை. சிகிச்சையில் குறைகிற ஒன்று.

"உயிர் பிழைச்சதே பெரிசு" என்பவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் குண்டடி பட்டவரின் வாயை அடைக்கிற வார்த்தை அது. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்டது தமிழ் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகு ஏறக்குறைய 21 வருடம் வாழ்ந்தார், முதலமைச்சரும் ஆனார். ஆனால் பழைய குரல் திரும்பவே இல்லை. குண்டு போகிற வழியில் என்ன இருக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் பிழைத்தவரின் மிச்ச வாழ்க்கை. அவருக்குக் கழுத்து. உங்களுக்குத் தொடையின் பின்பக்கம்.

அங்கேதான் உடம்பிலேயே தடிமனான நரம்பு இறங்குகிறது. இடுப்பிலிருந்து பாதம் வரை போகும் சயாடிக் நரம்பு. குண்டு நரம்பைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை. சதைக்குள் பாயும்போது சுற்றியிருப்பதைக் கண நேரம் விரித்துத் தள்ளிவிட்டுத்தான் போகும். அந்த இழுப்பிலேயே நரம்பு காயப்படலாம். காயப்பட்டது தொடையில், எரிவது உள்ளங்காலில் என்பது உங்களுக்குக் குழப்பமாக இருக்கும். உள்ளங்காலின் சேதியை மூளைக்குக் கொண்டுபோகிற கம்பி அறுந்தோ நசுங்கியோ இருக்கிறது. மூளை அதைப் பாதத்தின் வலியாகவே எடுத்துக்கொள்கிறது. இது பிரமை இல்லை.

1860களில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் நரம்பில் குண்டடி பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்த சைலஸ் வெயர் மிட்செல் என்ற மருத்துவர் இதே எரிச்சலை விரிவாக எழுதிவைத்திருக்கிறார். அந்தச் சிப்பாய்கள் கையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டே திரிந்தார்கள், பூட்ஸுக்குள் தண்ணீரை ஊற்றிக்கொண்டார்கள். நூற்றைம்பது வருடம் கழித்து என் அறைக்கு வந்த ஒருவர், மடியில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே மூடியைத் திறந்து, பாதத்தில் கட்டியிருந்த துண்டின் மேல் கொஞ்சம் ஊற்றினார். அப்புறம் எதுவும் நடக்காததுபோலப் பேச்சைத் தொடர்ந்தார். அவர் காலில் வெளியே ஒரு கீறல்கூட இல்லை. அதனாலேயே வீட்டில் யாரும் அவரை நம்பவில்லை.

இந்த வலிக்குச் சாதாரண வலி மாத்திரை அவ்வளவாகக் கேட்காது. கபாபென்டின், பிரிகாபலின், டுலாக்ஸிடின், அமிட்ரிப்டிலின் போன்ற, நரம்பு வலிக்கென்றே கொடுக்கும் மருந்துகள் வேண்டும். குறைந்த அளவில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்றுவார்கள், பலன் தெரியச் சில வாரம் ஆகும். மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் தொடங்காதீர்கள், நீங்களாக ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. நரம்பு எந்த அளவுக்குச் சேதமாகியிருக்கிறது என்று பார்க்க நரம்புக் கடத்தல் பரிசோதனையும், தசையின் மின் செயல்பாட்டை அளக்கும் ஈ.எம்.ஜி. பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். இழை அறுந்த நரம்பு திரும்ப வளர்ந்தால் நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். நடுத்தொடையிலிருந்து உள்ளங்கால்வரை 65 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. உங்களுக்கு எட்டு மாதம்தான் ஆகியிருக்கிறது. நரம்பு முழங்காலைத் தாண்டி வந்துகொண்டிருக்கலாம். ஆனால் பாதத்தை மேலே தூக்கவோ விரல்களை மடக்கவோ முடியவில்லை என்றால் மட்டும் பொறுத்துப் பார்க்காதீர்கள், உடனே நரம்பு அறுவை நிபுணரிடம் போங்கள். நரம்பு வந்து சேராத தசை ஒன்றரை வருடத்துக்கு மேல் காத்திருக்காது. எரிகிறதே என்று ஐஸ் வைப்பதும் வேண்டாம். பாதத்தில் மரத்துப்போன இடம் இருந்தால் அங்கே புண்ணாவது உங்களுக்குத் தெரியாது. தினமும் படுக்கப்போகுமுன் பாதத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, குண்டுக்கு வருவோம். குண்டை எடுத்தால்தான் வைத்தியம் முடிந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். 1881 ஜூலையில் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்ட் சுடப்பட்டபோது அவருடைய மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். கழுவாத விரலையும் கருவிகளையும் காயத்துக்குள் விட்டுத் தேடிக்கொண்டே இருந்தார்கள். தொலைபேசி கண்டுபிடித்த கிரகாம் பெல்கூட ஒரு கருவியோடு வந்து தேடிப் பார்த்தார். குண்டு அகப்படவில்லை, சீழ் பிடித்து செப்டம்பரில் அதிபர் இறந்தார். 1912இல் மார்பில் சுடப்பட்ட தியோடர் ரூஸ்வெல்ட் விஷயத்தில் குண்டைத் தொடவேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். 1919இல் இறக்கும்வரை அது அவர் மார்பிலேயே இருந்தது. ஆழத்தில், சதைக்குள் சும்மா கிடக்கும் குண்டை எடுக்கப் போனால் வழியில் இருக்கும் நரம்பையும் ரத்தக்குழாயையும் இன்னொரு தடவை காயப்படுத்த நேரும். உங்கள் அறுவை மருத்துவர் விட்டது அலட்சியத்தால் இருக்காது.

விஷமாகுமா என்ற உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது, குண்டில் பெரும்பாலும் ஈயம்தானே. சதைக்குள் கிடக்கும் குண்டைச் சுற்றி உடம்பு தழும்புத் திசுவால் ஓர் உறை கட்டிவிடும். அதனால் ஈயம் மிகக் குறைவாகவே கசியும். மூட்டுக்குள் இருந்தால் கதை வேறு. மூட்டில் ஊறும் திரவம் ஈயத்தைக் கரைக்கும், மூட்டும் கெடும், ஈயம் ரத்தத்திலும் ஏறும். அப்போது எடுத்தே ஆகவேண்டும். குண்டு பல சில்லுகளாகச் சிதறியிருந்தாலோ எலும்பு உடைந்திருந்தாலோ ரத்தத்தில் ஈயம் ஏறும் வாய்ப்பு அதிகம். பழைய எக்ஸ்ரேயை எடுத்துப் பாருங்கள், ஒரே குண்டா, சில்லுகளா என்று தெரிந்துவிடும். ரத்தத்தில் ஈய அளவு பார்க்கும் பரிசோதனையை இப்போது ஒருமுறை செய்துகொள்ளுங்கள். சில வருடம் கழித்தும் ஏறலாம் என்பதால் அவ்வப்போது திரும்பப் பார்க்க வேண்டும். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். காரணம் தெரியாத வயிற்றுவலி, மலச்சிக்கல், சோர்வு, மறதி, ரத்தசோகை வந்தால் "உள்ளே குண்டு இருக்கிறது" என்று எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கும் இடத்திலும் சொல்லவேண்டும், எஃகு கலந்த குண்டாக இருந்தால் காந்தம் அதை இழுக்கும்.

சுட்டபோது வலிக்கவே இல்லை என்கிறீர்கள். 1944இல் இத்தாலியின் ஆன்சியோ போர்முனையில் ஹென்றி பீச்சர் என்ற மயக்கவியல் மருத்துவர், படுகாயத்தோடு வந்தவர்களில் பெரும்பாலோர் வலி மருந்து வேண்டாம் என்று சொல்வதைப் பார்த்து வியந்திருக்கிறார். உயிருக்கு ஆபத்து என்றால் மூளை அபாய மணியை அடிக்கும், வலியை அமுக்கிவைக்கும், ஓடவோ ஒளியவோ உடம்பைத் தயாராக்கும். அன்றைக்கு உங்களைக் காப்பாற்றியதில் அதற்கும் பங்கு உண்டு. இன்றைக்குக் கதவுச் சத்தத்துக்குத் தூக்கிப்போடுவதும் அதே மணிதான். எட்டு மாதமாக அது அணையாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் இப்படி நீடித்து, கெட்ட கனவு வந்து, அந்த இடத்துக்குப் போகவே முடியாமல் ஆனால் அதை அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய் என்கிறோம். நீங்கள் பலவீனமானவர் என்பதால் வந்ததில்லை. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்லமாட்டேன், ஆனால் உங்கள் கடிதத்தில் அதன் சாயல் நிறையவே இருக்கிறது.

இதற்கென்றே பேச்சு சிகிச்சை இருக்கிறது. பயிற்சி பெற்ற ஒருவரோடு, பாதுகாப்பான அறையில், அந்த நாளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் பார்ப்பது. பெரும்பாலும் 8 முதல் 15 அமர்வுகள். முதல் இரண்டு மூன்று அமர்வில் கனவுகள் கூடலாம். அதோடு பயந்து நின்றுவிடாதீர்கள். தேவைப்பட்டால் செர்ட்ராலின் போன்ற மருந்தும் சேர்ப்பார்கள். தூக்கத்துக்காக டயாஸெபாம் வகை மாத்திரைகளை நம்ப வேண்டாம், குடியும் வேண்டாம். இரண்டும் அன்றைய ராத்திரியை மட்டும் கடத்திவிடும். நோயைத் தொடாது.

மகளைத் தொட விடுங்கள். சதைக்குள் இருக்கும் ஈயம் தோல் வழியாக அவளுக்குப் போகாது. தழும்பைச் சுற்றித் தொட்டாலே கூசுகிறது என்றால் பிசியோதெரபியில் முதலில் பஞ்சு, பிறகு மெல்லிய துணி, அப்புறம் கொஞ்சம் முரடான துண்டு என்று தினமும் சில நிமிடம் வருடிப் பழக்குவார்கள். பஞ்சை அவள் கையில் கொடுங்கள். எங்கே கூசுகிறது, எங்கே மரத்திருக்கிறது என்று நீங்கள் சொல்லச் சொல்ல அவள் வருடட்டும். எப்படி வந்த தழும்பு என்று கேட்டால் "ஒருவன் சுட்டான், வலித்தது, இப்போது வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லுங்கள். ஆறு வயதுக்கு அது புரியும்.