குடைமிளகாய் மணக்கும் ஒயின்

கேள்வி: நண்பர் அன்பளிப்பாகத் தந்த, விலை அதிகமில்லாத சிலி நாட்டுச் சிவப்பு ஒயின் புட்டியில் ‘கார்மெனேர்’ என்று அச்சிட்டிருந்தது. அப்படியொரு திராட்சையை நான் கேள்விப்பட்டதே இல்லை. திறந்ததும் பச்சைக் குடைமிளகாயின் மணம் வீசியது. ஒயின் கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை, தாராளமாக அருந்தலாம். கெட்டுப்போன ஒயினில் காடியின் நெடியோ, நனைந்த அட்டைப்பெட்டியின் வாடையோ வரும். நீங்கள் முகர்ந்தது பைரசீன் வகைச் சேர்மம் ஒன்றின் மணம். குடைமிளகாய்க்கு அதன் வாசனையைத் தருவதும் அதே வகைச் சேர்மம்தான். காய் கனியாகும்போது, வெயில் படப்பட அது குறைந்துகொண்டே போகும்.

கார்மெனேரோ மெர்லோ திராட்சைக்குச் சில வாரங்கள் பிந்தியே பழுக்கும். பிரான்சின் போர்டோ பகுதியில் தோன்றிய இக்கொடி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபைலாக்சரா என்னும் வேர்ப்பூச்சி திராட்சைத் தோட்டங்களை அழித்தபின், அங்குள்ள குளிரில் சரியாகப் பழுக்காத காரணத்தால் பெரும்பாலும் மறுநடவு செய்யப்படாமலே போயிற்று. அதற்கு முன்பே சிலிக்குக் கொண்டுசெல்லப்பட்ட கன்றுகள் மெர்லோவோடு கலந்து, மெர்லோ என்ற பெயரிலேயே வளர்ந்துவந்தன. 1994-இல் பிரெஞ்சு வல்லுநர் ழான்-மிஷேல் பூர்சிக்கோ அங்கே வந்து பார்த்து, இது கார்மெனேர் என்று அடையாளம் சொன்னார். அதுவரை மெர்லோ பழுத்த நாளிலேயே இதையும் சேர்த்துப் பறித்துவந்தார்கள் என்றால், அந்தக் காலத்துச் சிலி ‘மெர்லோ’வில் பச்சை வாடை அடித்ததில் வியப்பென்ன!

இன்று தனியாகப் பறித்தாலும், குறைந்த விலைப் புட்டிகளில் சற்று அவசரம் தெரிவதுண்டு. மணம் இலேசாக இருந்து, அதன் பின்னால் பிளம் பழமும் மிளகும் கோகோவும் வந்தால் அது நல்ல ஒயின். என்னைக் கேட்டால், அந்தப் பச்சை மணமே இல்லாத கார்மெனேரில் சுவாரசியமும் இல்லை. நாக்கில் பச்சையும் கசப்பும் மட்டுமே நின்றால் காய் பழுக்குமுன் பறித்துவிட்டார்கள் என்று கொள்ளலாம்.

அடுத்த முறை 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்து, கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றி, சுழற்றி, கால் மணி நேரம் காத்திருந்து மீண்டும் முகர்ந்து பாருங்கள். முதலில் முந்திக்கொண்டு வந்த குடைமிளகாய் சற்று ஒதுங்கிப் பழத்துக்கு இடம் விடும். துவர்ப்பு மென்மையாகவும் புளிப்பு குறைவாகவும் இருக்கும். புளிப்பு குறைந்த இத்தகைய மலிவான ஒயின் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால் மெருகேறாது. திறந்த புட்டியை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாள்களுக்குள் முடித்துவிடுங்கள்.